உப்புத் தண்ணீர் பட்டால் சீமெந்து மண் என்ன ஆகும்? சப்ரகமுவ தோட்டத்து வீடுகளை முன்வைத்து

எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், கட்டி நான்கு வருடம்கூட ஆகாத வீட்டின் சுவரைக் காட்டி ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, கல்லு அடிக்கும்போது கடல் மணலு கலந்துட்டாங்கன்னு சொல்றாங்க. அதான் இப்படி உப்புப் பூக்குதா? ஊடு நிக்குமா, நிக்காதா?"

அங்கேயே வெட்டியெடுத்த சிவப்பு மண்ணோடு சீமெந்தும் கொஞ்சம் மணலும் கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திச் செய்த கற்களால் எழுப்பிய சுவர் அது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலை வைத்தால் மாவு போல ஒட்டியது. அதன் கீழே கல்லின் முகம் மெல்லிய செதில்களாக உதிர்ந்து, தரையோரம் சிறு குவியலாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் கூட்டி அள்ளுவதாகச் சொன்னார். தோட்டங்களில் 7 பேர்ச் காணியும் ஒரு வீடும் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது எத்தனை வருடக் காத்திருப்பு என்பது வாசகர்களுக்குத் தெரியும். இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில் மலையகத்துக்கு அறிவிக்கப்பட்ட 14,000 வீடுகளைப் பற்றிப் பேசும்போதுகூட நுவரெலியாவின் பெயர் வரும் அளவுக்குக் கேகாலையின் பெயர் வருவதில்லை. இங்கே கிடைத்த வீடு ஒன்று தரையோரம் கரைவதை வெறும் பராமரிப்புப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

அக்காவின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீமெந்தோ சுண்ணாம்போ சேர்த்து உறுதியாக்கிய களிமண்ணை உப்புத் தண்ணீர் என்ன செய்கிறது என்பது ஒன்று. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மலைக்கு மேலே, உப்பு எங்கிருந்து வந்தது என்பது மற்றது. இரண்டாவதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். களிமண்ணின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தகடுகள். அவற்றின் முகங்களில் எதிர் மின்னேற்றம் உண்டு. அந்த மின்னேற்றம் தண்ணீரைத் தன்னைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தகடுகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அதனால்தான் நனைந்த களிமண் வழுக்குகிறது. சுண்ணாம்பைக் கலந்தால் இரண்டு கட்டங்களாக மாற்றம் வருகிறது. முதல் சில மணித்தியாலங்களில் கல்சியம் வந்து தகடுகளில் ஒட்டியிருந்த மற்ற அயன்களின் இடத்தைப் பிடிக்கிறது. பிசுபிசுப்பு போய் மண் பொலபொலவென்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில், காரத்தன்மை மிகுந்த அந்தச் சூழலில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கல்சியத்தோடு சேர்ந்து பசைபோல் இறுகுகின்றன. பலம் வருவது இந்த இரண்டாவது கட்டத்தில். சீமெந்து தன் பசையைத் தானே கொண்டுவருகிறது என்பதால் அதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. களி கூடிய மண்ணுக்குச் சுண்ணாம்பு, மணல் கூடிய மண்ணுக்குச் சீமெந்து என்று மேசன்மார் சொல்லும் பொது விதி இதிலிருந்து வந்ததுதான்.

இனி உப்பு. எதுவும் கலக்காத வெறும் களிமண்ணுக்கு உப்பு எதிரியல்ல. உப்புத் தண்ணீரில் உள்ள அயன்கள் தகடுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் உறையைச் சுருக்கிவிடுகின்றன. ஒன்றையொன்று தள்ளி நின்ற தகடுகள் நெருங்கி வந்து, கூட்டமாகத் திரண்டு நிற்கின்றன. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கலங்கல் சட்டென்று படிவதற்கும் இதுவே காரணம்.

இதை உலகத்துக்கு மிகக் கசப்பாகக் கற்பித்தது நோர்வே. பனியுகம் முடிந்தபோது கடலடியில் படிந்த களிமண், நிலம் மேலெழுந்ததால் இன்று வயலும் வீடுமாக இருக்கிறது. படிந்தபோது அதன் துளைகளில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர் இருந்தது. ஆயிரக்கணக்கான வருடங்களாக நல்ல தண்ணீர் ஊறி ஊறி அந்த உப்பைக் கழுவிவிட்டது. பார்ப்பதற்கு மண் அப்படியே நிற்கும். கலக்கினால் மோர் போல ஓடும். உப்புக் கழுவப்பட்டதுதான் காரணம் என்பதை ரோசன்குவிஸ்ட், பியெரும் ஆகிய நோர்வே ஆய்வாளர்கள் 1940களிலும் 1950களிலும் விளக்கினார்கள். 1893இல் வெர்டாலில் 116 பேர் இப்படியொரு சரிவில் இறந்தார்கள். 1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸாவில் ஒரு விவசாயி தன் தொழுவத்துக்காகத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டியதில் தொடங்கிய சரிவு, பண்ணைகளையும் வீடுகளையும் ஏரிக்குள் இழுத்துப் போனது. 2020 டிசம்பர் 30 அன்று யெர்ட்ரும் என்ற இடத்தில் 10 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் சில இடங்களில் கிணறு போலத் துளையிட்டு, பொட்டாசியம் குளோரைட்டை மீண்டும் மண்ணுக்குள் செலுத்திப் பலப்படுத்தவும் முயன்றிருக்கிறார்கள்.

இதை எங்கேயோ கேள்விப்பட்ட இளைஞர் ஒருவர், "அப்படியென்றால் நம் மலையில் வெடிப்புக் கண்ட இடத்தில் உப்பைக் கொட்டலாமா?" என்று என்னிடம் கேட்டார். அட்டைக்கு உப்புத் தடவிக் கொழுந்து பறிக்கும் ஊரில் அது இயல்பான கேள்விதான். ஆனால் கூடாது, பயனும் இல்லை. நம் மலைகளின் மண் கடலில் படிந்ததல்ல. பாறை இருந்த இடத்திலேயே உக்கி உண்டானது, அல்லது மேலிருந்து உருண்டு வந்து சேர்ந்தது. கழுவப்படுவதற்கு அதில் கடலுப்பு ஒருபோதும் இருந்ததில்லை. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசரகந்த சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மீது மண் விழுந்தது. நாட்கணக்கில் பெய்த மழைநீர் மண்ணின் துளைகளில் நிரம்பி, உள்ளிருந்து அழுத்தியதால் வந்த சரிவுகள் இவை. அதற்கு மருந்து உப்போ சீமெந்தோ அல்ல. தண்ணீரை வடித்து வெளியே அனுப்பும் வடிகால்தான். அதுவும் போதாத இடத்தில் இடத்தை மாற்றுவதுதான். வீட்டுக் கல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது மலையைத் தாங்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ளதாக அடையாளம் கண்ட மாவட்டங்களில் கேகாலையும் இரத்தினபுரியும் இருக்கின்றன. கல்லின் தரத்தைப் பேசுவதற்கு முன்பு நிலத்துக்கு அந்த நிறுவனத்தின் அறிக்கை கேட்க வேண்டும்.

இனி சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த மண்ணுக்கு வருவோம். இங்கே உப்பின் குணம் இரண்டு பக்கமாகப் போகிறது. அதனால்தான் ஆய்வுக்கூட முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தெரிகின்றன.

குழைக்கும் தண்ணீரில் சாதாரண உப்பு அளவோடு இருந்தால், பல சமயங்களில் பலம் குறைவதில்லை. தொடக்கத்தில் கூடவும் செய்யும். குளோரைட் சீமெந்தின் இறுக்கத்தை வேகப்படுத்துகிறது, களித் தகடுகளும் திரண்டு நிற்கின்றன. ஏழாம் நாளில் கல்லை உடைத்துப் பார்ப்பவர் "உப்புத் தண்ணீரே நல்லது" என்று எழுதிவிடக்கூடும். அதே கல்லை மாதக்கணக்கில் கடல்நீரில் ஊறவைப்பவர் வேறு முடிவைக் காண்பார். கடல்நீர் வெறும் சோடியம் குளோரைட் அல்ல. அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டும் 1.3 கிராம் மக்னீசியமும் இருக்கின்றன. மக்னீசியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்து, பசையைப் பலமற்ற ஒன்றாக மாற்றுகிறது. துறைமுகங்களில் கடலடிக் களிமண்ணைச் சீமெந்து கலந்து கெட்டியாக்கும் முறையைப் பெருமளவில் வளர்த்த ஜப்பானில், இந்தச் சிதைவு தண்ணீரைத் தொடும் முகத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகப் போவதைக் கவனித்திருக்கிறார்கள். பெரிய தூணுக்கு அது தாங்கும். நான்கு அங்குலச் சுவருக்கு அதே கணக்கைச் சொல்ல முடியாது.

மூன்றில் மோசமானது சல்பேட். சல்பேட்டும் கல்சியமும் களிமண்ணிலிருந்து கரைந்த அலுமினாவும் தண்ணீரோடு சேரும்போது எட்ரிங்கைட் என்ற ஊசிவடிவப் படிகம் உருவாகிறது. அது நிறையத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பருக்கும். இறுகிய மண்ணை உள்ளிருந்தே பிளக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டூவர்ட் அவெனியூ என்ற வீதிக்கு 1970களில் சுண்ணாம்பு கலந்த மண்ணால் அடித்தளம் போட்டார்கள். ஓரிரு வருடங்களில் வீதி மேடுமேடாகப் பொங்கியது. மண்ணிலேயே சல்பேட் இருந்திருக்கிறது; போட்ட சுண்ணாம்பே வினையைத் தொடக்கிவைத்திருக்கிறது. மண் பொறியியலில் பெரிய பெயரான ஜேம்ஸ் மிச்சல் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான், சுண்ணாம்பு போடுமுன் சல்பேட்டை அளக்க வேண்டும் என்ற எச்சரிக்கை பரவலானது. நமக்குக் கிட்டிய உதாரணம் சென்னை. ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் ராஜசேகரனும் நரசிம்ம ராவும் கடலோரக் களிமண்ணில் சுண்ணாம்பு சேர்த்து ஆராய்ந்தபோது, சுண்ணாம்பால் அந்த மண் நன்றாகவே பலப்படுவதையும், சல்பேட் சேர்ந்தால் எட்ரிங்கைட் உருவாகிக் கதை மாறுவதையும் காட்டினார்கள்.

ஆகவே ஓர் உப்பைக் கண்டால் அது எந்த உப்பு, எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். குழைக்கும்போது வந்த குளோரைட் ஒரு விதம். இறுகிய பிறகு, வருடக்கணக்கில் ஊறிவரும் சல்பேட் முற்றிலும் வேறு விதம்.

நம் மண்ணின் குணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சப்ரகமுவவின் சிவப்பு, மஞ்சள் மண்ணும் கபுக்கும் பெரும் மழையில் காலங்காலமாகக் கழுவப்பட்டவை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. அந்த மழை கரையக்கூடியதையெல்லாம் எடுத்துப் போய், இரும்பு ஒட்சைட்டையும் கயோலினைட் வகைக் களியையும் மிச்சம் வைத்திருக்கிறது. மண் அமிலமானது, தேயிலைக்கு அது பிடிக்கும் என்பதால் தோட்டம் வந்தது. கயோலினைட் அதிகம் வீங்காத களி. அதனால் உப்பு அதற்குச் செய்யும் உபகாரமும் குறைவு. பெந்தோனைட் போன்ற வீங்கும் களியின் குணத்தை உப்புத் தண்ணீர் தலைகீழாக மாற்றும். கயோலினைட்டைப் பெரிதாக அசைக்காது. கடலோரக் களிமண்ணில் செய்த ஆய்வின் எண்களை எடுத்து வந்து நம் தோட்டத்துக் கல்லுக்குப் பொருத்துவது, நுவரெலியாவின் உருளைக்கிழங்கு அட்டவணையை மன்னாரில் பின்பற்றுவது போன்றது.

அதோடு, அமிலமான நல்ல மழைத்தண்ணீரே சுண்ணாம்பின் எதிரி. கரைந்த உப்பு எதுவுமில்லாத தண்ணீர் கல்சியத்தைக் கரைத்தெடுக்கப் பசியோடு வரும். கூரைத் தாழ்வாரம் குட்டையாக இருந்து தினமும் சாரல் அடிக்கும் சுவர், உப்பே படாமல் பலம் இழக்கும். என் கணிப்பில் நம் பகுதியின் மண்கல் வீடுகளில் பாதிப் பிரச்சினை தாழ்வாரத்தின் நீளத்தில் இருக்கிறது.

சரி, அக்காவின் சுவரில் பூத்த உப்பு எங்கிருந்து வந்தது?

கடல் மணல் என்ற சந்தேகம் அர்த்தமற்றதல்ல. ஆற்று மணல் அகழ்வுக்குக் கட்டுப்பாடுகள் வந்து விலையும் ஏறிய பிறகு, கடலிலிருந்து அள்ளி முத்துராஜவெல பக்கம் குவித்த மணல் கட்டடங்களுக்கு விற்பனையாகிறது. குவியலாகக் கிடந்து மழையில் நன்றாகக் கழுவப்பட்ட மணலில் குளோரைட் பெருமளவு இறங்கிவிடும். கழுவாமல் வந்த லொறி மணல் வேறு. அப்போதும் முதல் ஆபத்து கம்பிக்குத்தான். குளோரைட் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி போட்ட கொங்கிறீற் பீமுக்கு அது பெரிய விஷயம். கம்பியில்லாத மண்கல்லுக்கு அவ்வளவு இல்லை.

மணல் காரணமாக இருந்தால் எல்லாச் சுவரிலும் பூத்திருக்க வேண்டும். அதே கல்லால் கட்டிய எதிர்ச்சுவர் சுத்தமாக இருந்தது. வெளிச்சுவரில் மழை அடித்த இடத்திலும் ஒன்றுமில்லை. வெள்ளை பூத்தது ஒரேயொரு சுவரின் உட்பக்கத்தில், அதுவும் மூலையிலிருந்து ஐந்தாறு அடி நீளத்துக்கு மட்டும். "இந்த இடத்துல என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். "உர மூட்டதான். அண்ணன் இறப்பருக்கும் தேயிலைக்கும் வாங்கினது. வெளிய வச்சா களவு போயிரும்." 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, பிறகு விலை பல மடங்காக ஏறிய அனுபவத்துக்குப் பின் உரமூட்டையை யாரும் வெளியே வைப்பதில்லை.

மூட்டை அமோனியம் சல்பேட். ஈரத்தரையில் நேரடியாகக் கிடந்து அடியில் கசிந்திருந்தது.

வெற்றிலைத் தட்டு பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. மூட்டையின் அடியில் கசிந்த மண்ணைக் கொஞ்சம் சுரண்டி, வெற்றிலைச் சுண்ணாம்போடு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். மூக்கை எரிக்கும் அமோனியா நாற்றம். "மழ நாள்ல இந்த ரூம்ல ஆட்டுப்பட்டி மாதிரி நாறும் தம்பி. எங்கிருந்து வருதுன்னே தெரியாது" என்றார் அக்கா. சுவரே அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அமோனியம் சல்பேட் கல்லிலுள்ள சுண்ணாம்போடு சேரும்போது அமோனியா வாயுவாகப் போய்விடுகிறது, சல்பேட் கல்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகத் தங்குகிறது, அதிலிருந்து எட்ரிங்கைட். சீமெந்தைத் தாக்கும் உரங்களில் இது மிகக் கடுமையானது. உரக் களஞ்சியங்களின் கொங்கிறீற் தரையையே தின்றுவிடும். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சீமெந்து போட்ட மண்கல் எம்மாத்திரம்? அதற்கு மேல், ஈரத்தோடு சுவரில் ஏறிய உப்பு வெயில் நாளில் காய்ந்து படிகமாகும், மழை நாளில் கரையும், மறுபடி காயும். ஒவ்வொரு தடவையும் படிகம் வளர்ந்து கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். காலையில் கூட்டி அள்ளிய தூள் இதுதான்.

கடலிலிருந்து வந்தது என்று நினைத்த உப்பு கடையிலிருந்து வந்திருக்கிறது. ஆட்டுப்பட்டியைச் சுவரோடு ஒட்டி அடைப்பவர்களுக்கும் இதே கதைதான். மூத்திரத்திலிருந்து நைத்திரேற்று ஏறும்.

வெள்ளை பூத்ததெல்லாம் ஆபத்து என்று எண்ண வேண்டாம். புதுச் சுவரில் முதல் மழைக்குப் பின் பூக்கும் வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு வெளியே வந்து காற்றில் இறுகியது. பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுரண்டியெடுத்ததை ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். சுலபமாகக் கரைந்தால் உப்பு. கரையாமல் அடியில் நின்று, தேசிக்காய்ச் சாறு விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்பானால் தூரிகையால் தட்டிவிட்டுத் தாழ்வாரத்தைக் கவனித்தால் போதும். உப்பானால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அதைத் தேடாமல் மேலே சீமெந்துப் பூச்சு பூசுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, உப்பை இன்னும் உயரமாக ஏற வைக்கும். ஒரு வருடத்தில் பூச்சு பலகை போலக் கழன்று விழும்.

கல் அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. மேல் மண்ணை, அதாவது உரம் போட்டுப் பழகிய கறுத்த மண்ணை, ஓர் அடிக்கு மேல் ஒதுக்கிவிட்டுக் கீழேயுள்ள மண்ணை எடுக்க வேண்டும். மேல் மண்ணில் உக்கலும் உரத்தின் மிச்சமும் இருக்கும். இரண்டும் சீமெந்துக்கு ஆகாது. அழுத்திய மண்கல்லுக்கு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ற கலவைகளைப் பற்றிப் பல வருடங்களாக ஆய்வு நடக்கிறது. ஒப்பந்தக்காரர் உலர்ந்த கல்லின் பலத்தைக் காட்டினால், நனைத்த கல்லின் பலத்தையும் கேளுங்கள். மண்கல் நனைந்தால் பலத்தில் பாதியளவை இழப்பது சாதாரணம். நம் ஊரில் சுவர் பெரும்பாலான மாதங்களில் ஈரமாகத்தான் நிற்கும்.

அக்காவின் சுவருக்குச் செய்தது இவ்வளவுதான். மூட்டைகளை எடுத்து, பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பொலித்தீன் விரித்து வைத்தோம். தரையோரக் கசிவு மண்ணைச் சுரண்டி வெளியே எடுத்தோம். தூரிகையால் காய்ந்த உப்பைத் தட்டினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை, அது உப்பை மறுபடி உள்ளே அனுப்பும். தோட்டத்துக் களிமண்ணைக் குழைத்துச் சுவரில் ஒரு விரல் தடிப்புக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தோம். ஈரம் வெளியே வரும்போது உப்பும் அந்தக் களியோடு வரும். மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை உரித்த களியில் வெள்ளை குறைவாக இருந்தது. மோசமாக உதிர்ந்த ஆறு கற்களைக் கழற்றி மாற்ற வேண்டும். அதை வைகாசி மழைக்கு முன்பு செய்ய வேண்டுமென்று மேசனிடம் சொல்லியிருக்கிறோம். கல் அடிக்க மண் வெட்டும் இடத்தையும் காட்டிவிட்டேன்.